மூத்தவர் முன்னிலையில்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்கும் சீனு. பதில் சொல்ல வந்த என் தம்பி ஜடையன். மையம் நியமித்த மூத்தவர் தொட்டையன், தலையில் மைசூர்ப் பேட்டாவுடன். பாதியில் உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்ட இயக்குநர் டாக்டர் இராமச்சந்திரன். வாசற்படிக்கு வெளியே முக்காலியில் நான். அதற்குள் நான் தகுதி நீக்கம் செய்யப்பட்ட மூத்தவன். உள்ளே இருக்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் கதவு விதிப்படி திறந்தே இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது. ஜடையனின் மனைவி கமலம்மாள் கேட்டுக்கு வெளியே குல்மொஹர் மரத்தடியில் நின்றாள். அவள் உள்ளே வரவில்லை.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு இப்போது ஊரில் பலர் திரிவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் கோபிநத்தத்துக்காரர்கள். எங்கள் அப்பா காலத்தில் மைசூருக்கு வந்தோம். நான் பட்டு ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஜடையன் கட்டட மேஸ்திரி. எங்கள் குடும்பத்தில் யாரும் காவல் நிலையப் படி ஏறியதில்லை. யாரைப் பற்றியும் தெருவில் ஒரு பேச்சு வந்ததில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் கோடையில் ஜடையன் சாரத்திலிருந்து அடிக்கடி இறங்க ஆரம்பித்தான். சிமென்ட் கலக்கும் பெண்கள் கூடக் கேலி பேசினார்கள். "மேஸ்திரி, கட்டடத்துக்குத் தண்ணி பத்தலைன்னா சொல்லுங்க, நாங்க ஊத்தறோம்" என்றாள் ஒருத்தி. அவனும் சிரித்தான். ஒரு நாள் மணல் குவியலுக்குப் பின்னால் போனவன் அப்படியே நின்றுவிட்டான். மணல் சிவந்திருந்தது. காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்து மறுபடியும் சாரத்தில் ஏறினான்.

தெருமுனை டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் ஆண்களுக்கு உள்ளே ஒரு சுரப்பி வீங்கும், அதில் புற்று இருந்தாலும் இருக்கலாம், இரத்தத்தில் தெரிந்துவிடும் என்றார். அதைப் பார்க்கும் எந்திரம் யாதவகிரியில் புதிதாகத் திறந்த ஆடவர் நல ஆராய்ச்சி மையத்தில் வந்திருக்கிறது. சீக்கிரம் போகச் சொன்னார். சீக்கிரம் என்பதை அழுத்திச் சொன்னார்.

மையம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. ஆணின் அந்தரங்கப் பழக்கத்துக்கும் அந்தச் சுரப்பியில் வரும் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. திறப்பு விழாவில் இயக்குநர் பேசியதை அச்சிட்டு, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டியிருந்தார்கள். அது இப்படி இருந்தது: "இந்த நோய் குறித்து உலகில் இரண்டு கட்சிகள் உள்ளன. பழக்கம் அதிகமானால் வரும் என்பது ஒரு கட்சி. குறைந்தால் வரும் என்பது மறு கட்சி. நமது மையம் எக்கட்சியையும் சாராது. எவ்வளவு என்பதை மட்டும் கேட்கும். ஆணின் ரகசியம் அவன் குடும்பத்தின் சொத்து. அந்தச் சொத்தை விஞ்ஞானத்தின் பெயருக்கு மாற்றி எழுதுவதே நம் கடமை."

தொடக்கத்தில் மூடிய அறையில்தான் கேட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பஸ்தர்களிடம் இப்படியெல்லாம் கேட்பதா என்று இரண்டு சங்கங்கள் பத்திரிகைக்கு எழுதின. மையத்தின் ஆட்சிக்குழு கூடியது. அதில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், மடத்தின் பிரதிநிதி ஒருவர், எந்திரத்தை நன்கொடையாகத் தந்த பட்டு வியாபாரி ஒருவர். மூவரும் பண்பாடு கெடாமல் ஆராய்ச்சி நடக்க ஒரு வழி கண்டார்கள். இனி ஒவ்வொரு ஆணும் தன் குடும்பத்து மூத்தவர் முன்னிலையில், மூத்தவருக்குக் கேட்கும்படி, உரக்கப் பதில் சொல்ல வேண்டும். அப்பா உயிரோடு இருந்தால் அப்பா. இல்லையென்றால் அண்ணன். அவரும் இல்லையென்றால் மாமனார். மூத்தவர் எதுவும் பேசக் கூடாது. அவர் இருப்பதே போதும்.

நாங்கள் போன அன்று தாழ்வாரம் முழுவதும் மூத்தவர்கள். கைத்தடிகள் சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மருத்துவமனைகளில் இருமல், குழந்தை அழுகை, வேலைக்காரர்களின் சண்டை என்று ஏதாவது சத்தம் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. அறைக்குள்ளிருந்து மட்டும் ஒரே சொல் மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தது. இல்லை. இல்லீங்க. இல்லா சார். எங்களுக்கு முன்னால் போனவர் மாமனாரோடு வந்தவர். தனக்குத் திருமணமே ஆகவில்லை என்று அவர் சொன்னார். மாமனாரும் தலையாட்டினார்.

சீனு நாற்பது வயதுக்காரர். மைசூரிலேயே பிறந்த தமிழர். ஊர் எது என்று கேட்டார். கோபிநத்தம் என்று ஜடையன் சொன்னதும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். காட்டில் ஒளிந்திருந்த சந்தனக் கடத்தல்காரன் பிறந்த ஊர் என்பதால், அந்த வருஷங்களில் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடி பழக்கம் உண்டா?" என்றார் சீனு.

"இல்லீங்க."

"பின்னாடி?"

ஜடையன் என்னைப் பார்த்தான். என் முன்னால் அவன் பீடி குடித்ததில்லை. கால் மேல் கால் போட்டதில்லை. தன் மனைவியோடு நான் இருக்கும் அறையில் சேர்ந்து நின்றதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவனை அந்தக் கேள்வியோடு என் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

"இல்லீங்க" என்றான்.

"மாசத்துல எத்தனை தரம்?"

"அதெல்லாம் இல்லீங்க."

"குழந்தைங்க?"

"நாலுங்க."

சீனு தலை நிமிரவில்லை. "அது வேற பகுதியில வரும். ஆய்த்து, நீங்க கிளம்பலாம்."

"ரத்தம் எடுக்கலீங்களா?"

"முடிவு வந்ததும் சொல்றோம்."

முடிவு ஆடி மாதத்தில் வந்தது. நகரத்தில் கேட்கப்பட்ட ஆண்களில் ஒருவருக்குக்கூடத் திருமணத்துக்கு முன்னும் பின்னும் எந்தப் பழக்கமும் இல்லை என்று மையம் அறிவித்தது. ஆட்சிக்குழு இயக்குநருக்குச் சால்வை போர்த்தியது. பழக்கம் இல்லாத இடத்தில் ஆபத்து இல்லை, ஆபத்து இல்லாதவருக்குப் பரிசோதனை வீண் என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள். எந்திரத்தின் மேல் மெரூன் நிற வெல்வெட் துணி போர்த்தினார்கள். ஒருவர் தினமும் அந்தத் துணியைத் தூசி தட்டினார்.

ஜடையனுக்கு ஆபத்து இல்லை என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அவன் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். பெங்களூருக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னபோது, "இத்தனை படிச்சவங்க இல்லைன்னு சொன்னா இல்லாமத்தானுங்கண்ணா இருக்கும்" என்றான். ஆனால் குளியலறைத் தரையைக் கமலம்மாள் நாளுக்கு நாள் அதிக நேரம் கழுவினாள்.

ஆவணியில் அவனை இழுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்கே போனேன்.

"மூத்திரத்துல ரத்தம் போகுதுங்க" என்றான் ஜடையன்.

டாக்டர் இராமச்சந்திரன் கெட்டவர் இல்லை. மென்மையாகப் பேசுவார். "போகலாம்" என்றார். "ஆனா உங்க பதில்படி பாத்தா உங்களுக்குப் போகக் கூடாது. உங்க ஒருத்தருக்காகத் துணியை எடுத்தா, மத்தவங்களோட பதிலையும் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். இந்த ஊர் ஆம்பளைங்க மேல அப்படி ஒரு பழியைப் போட என்னால முடியாது."

நான் எழுந்து நின்றேன். "டாக்டர், என் தம்பி நாலு பிள்ளை பெற்றவன். மனைவியோடு முறையாக வாழ்ந்தவன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு ரத்தத்தை எடுங்கள்."

அவர் முகம் வாடியது. வருத்தத்தோடு கையை உயர்த்தினார். "பெரியவரே, கேக்கறதுதான் உங்க வேலை. சொல்றது அவர் வேலை. நீங்களே இப்படி வாயால சொல்லிட்டா, அப்புறம் உங்க முன்னாடி யார் வெட்கப்படுவாங்க? யாரும் வெட்கப்படாத மூத்தவரை வச்சுக்கிட்டு நான் எப்படி ஆராய்ச்சி பண்றது?"

அன்று மாலையே எனக்குத் தகுதி நீக்கம் எழுத்தில் வந்தது. எங்களுக்கு மேலே உயிரோடு யாரும் இல்லை; ஜடையனின் மாமனாரும் இல்லை. மூத்தவர் இல்லாத குடும்பங்களுக்கு மையம் ஒருவரை நியமித்திருந்தது. அவர்தான் தொட்டையன். கல்யாணங்களில் முன்வரிசை காலியாகத் தெரியாமல் இருக்க அழைக்கப்படுகிறவர். வெள்ளை மீசை, நிமிர்ந்த முதுகு, கண்ணை மூடி உட்காரும் பழக்கம். எந்தக் குடும்பத்துக்கும் அவர் பொருந்துவார். மையம் அவருக்கு மாதாமாதம் கொடுப்பதற்கு மரியாதைப் படி என்று பெயர்.

தொட்டையன் முன்னிலையில் ஜடையன் மறுபடியும் பதில் சொல்லப் போன நாளைத்தான் முதலில் சொன்னேன்.

"பழைய பதிலே தானா?" என்றார் சீனு.

"இல்லீங்க. உண்டுங்க."

சீனுவின் பேனா நின்றது. அந்த மையத்தில் அந்தச் சொல் அதுவரை ஒலித்ததில்லை. தாழ்வாரத்தில் இருந்த கைத்தடிகளில் ஒன்று சறுக்கி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. இயக்குநர் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்.

"யார்கூட? பேர் சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் தன் மனைவியைப் பெரியவர்கள் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜடையன் அவளை 'இந்தா' என்பான். அவளும் திரும்புவாள். பேரன் பேத்திகள் வந்த பிறகும் அதுதான். அவன் தலையைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குல்மொஹர் மரத்தைப் பார்த்தேன். நான் பார்க்காமல் இருந்தால்தான் அவனால் சொல்ல முடியும்.

"கமலம்மாள்" என்றான்.

"மூத்தவருக்குக் கேக்கலை."

"கமலம்மாள்."

இந்த முறை கேட்டில் இருந்த காவலாளி கூடத் திரும்பிப் பார்த்தார். மரத்தடியில் இருந்தவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குக் கேட்டதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"அது யாரு?"

"என் சம்சாரமுங்க."

தொட்டையன் கண்ணைத் திறந்தார். "ராம ராம" என்றார். "பேரு, ஊரு தெரியாத மனுஷன் இவன். நான் இதையெல்லாம் கேக்கணுமா? எனக்கு மனசு புண்பட்டுப் போச்சு."

மூத்தவரின் மனம் புண்பட்டால் அந்தப் பதிலை ஆட்சிக்குழு கூடும் வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. அதுவரை அந்த விதி தேவைப்பட்டதில்லை. சீனு அதைப் படித்துக் காட்டினார்.

இயக்குநர் ஜடையனுக்கு அருகில் வந்தார். "நோடி, பாருங்க, போன தடவை இல்லைன்னீங்க. இப்ப உண்டுங்கறீங்க. நடுவுல இருக்கிற இந்தக் கொஞ்ச நாள்ல பழக்கம் எப்படி வந்தது?"

"கொஞ்ச நாள்ல வரலீங்க. கட்டுனதுலருந்து உண்டுங்க."

"அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார் அவர். "குழு கூடட்டும்."

"ரத்தமாவது எடுத்து வச்சுக்கிடுங்க சாமி. அப்பறமா கூடுனவங்க பாத்துக்கிடட்டும்."

"ரத்தம் எடுத்தா பதிலை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பினோம். இரயில்வே கேட் மூடியிருந்தது. காத்திருக்கும்போது ஜடையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கமலம்மாள் எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றாள். அவன் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் இருப்பதை மறந்து முன்னால் வந்து அவன் தோளைப் பிடித்தாள்.

குழு கூடவில்லை. தசரா வந்துவிட்டது. நீதிபதிக்கு அரண்மனையில் இருக்கை, மடத்தின் பிரதிநிதிக்குப் பூஜைகள், பட்டு வியாபாரிக்குக் கடை. ஆயுத பூஜையன்று மையத்தில் எந்திரத்துக்கு வெல்வெட்டின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, கீழே பூசணிக்காய் உடைத்தார்கள். அழைப்பு எங்களுக்கும் வந்திருந்தது, நான் போயிருந்தேன். குழு எப்போது கூடும் என்று கேட்டேன். "இன்னைக்கு நல்ல நாள் பெரியவரே, நோயைப் பத்திப் பேச வேண்டாம்" என்று சீனு தேங்காய் மூடியை என் கையில் கொடுத்தார்.

விஜயதசமியன்று ஊர் முழுக்க யானை ஊர்வலம் பார்க்கப் போயிருந்தபோது ஜடையனுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. தெருமுனை டாக்டர் குழாய் வைத்து இறக்கினார். மறுநாள் காலை ரயிலில் அவனைப் பெங்களூருக்குக் கொண்டுபோனேன். மையத்தின் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அவனே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். காட்ட வேண்டியிருக்கும் என்றான்.

அங்கே இருந்த டாக்டர் காகிதத்தைப் பார்க்கவில்லை. வயதைக் கேட்டார், கையுறை போட்டார், என்னைப் பார்த்தார். "நீங்க வெளியில இருங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டார். ஒரு மூத்தவரை வெளியே அனுப்பிவிட்டு வைத்தியம் செய்வதை அந்த வருஷம் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது என்றார். வலியைக் குறைக்கலாம், கொஞ்ச காலத்தை நீட்டலாம் என்றார். ஏன் முன்னாடியே வரவில்லை என்று கேட்டார். இது எதனால் வருகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"வயசு" என்றார். "சில குடும்பத்துல அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரும். மத்ததெல்லாம் இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலை. உங்கப்பா எதனால இறந்தார்?"

எங்கள் அப்பா மூத்திரம் அடைத்து, முதுகு வலியில் கத்தி இறந்தார். ஜடையன் அப்போது சிறுவன். அவனுக்கு விவரம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் மையத்தில் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவைப் பற்றி அங்கே கேள்வி இல்லை. மூத்தவர் வாய் திறக்க இடமும் இல்லை.

தை மாதம் ஜடையன் இறந்தான். கடைசி நாட்களில் அவனால் படுக்கையில் திரும்ப முடியவில்லை. கமலம்மாள் திருப்பி விடுவாள். நான் அறைக்கு வெளியே இருந்தேன்.

பதினாறாம் நாள் கழிந்ததும் மையத்திலிருந்து சீனு வந்தார். இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறோம், அம்மா முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றார். எங்கள் குடும்பத்துக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக் கமலம்மாளையும் அவள் கடைசி மகள் சொர்ணலதாவையும் அழைத்துப்போனேன். மேடையில் ஜடையனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் எந்திரம், வெல்வெட்டோடு. தொட்டையன் மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் கன்னடத்திலும் பிறகு எங்களுக்காகத் தமிழிலும் பேசினார்.

"நம் ஆய்வில் பங்கேற்ற அத்தனை ஆண்களிலும் பழக்கம் உண்டு என்று சொன்னவர் ஒருவரே. அந்த நோயில் இறந்தவராக நமக்குத் தெரியவந்தவரும் ஒருவரே. அந்த ஒருவரும் இந்த ஒருவரும் ஒரே மனிதர். இவ்வளவு துல்லியமான தொடர்பை வேறெந்த ஆய்வு மையமும் கண்டதாக நான் அறியேன். நூற்றுக்கு நூறு. நிறுத்தி வைத்திருந்த அவர் பதிலை ஆட்சிக்குழு நேற்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பழக்கம் இல்லாத ஆண்கள் அனைவரும் நலமாக இருப்பதாக அவர்களின் மூத்தவர்கள் தெரிவிக்கிறார்கள். அமரர் ஜடையன் உண்மையைச் சொன்னார். விஞ்ஞானம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர் சொன்ன பெண்ணின் பெயரை, குடும்ப மரியாதை கருதி, மையம் வெளியிடாது."

கை தட்டினார்கள். பின்வரிசைகளில் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. முன்வரிசையில் இருந்த கமலம்மாளைப் பலர் இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் எழுந்து பெயரைச் சொல்லப் போனேன். தகுதி நீக்கம் செய்யப்பட்ட மூத்தவர் மேடையேற விதியில்லை என்று சீனு என் கையைப் பிடித்துக்கொண்டார். பணிவாகத்தான் பிடித்தார். கமலம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அந்த வாரமே ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து சொர்ணலதாவைப் பெண் கேட்டவர்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கமலம்மாள் என் எதிரே நின்று பேசுகிற வழக்கம் இல்லை. ஒரு நாள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"மாமா."

"சொல்லு."

"அன்னிக்கு மரத்தடியில எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சுங்க. நெசமாலுமே அவுங்க எம்பேரச் சொன்னாங்களா?"

"சொன்னான்."

"எப்படிங்க சொன்னாங்க?"

"சத்தமாகச் சொன்னான்."

பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் வரவில்லை.

இனி ஊர்ப் பேச்சு. ஜடையன் அந்த அறையில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான் என்றும், அவள் நஜர்பாத்தில் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள் என்றும், அவளால்தான் அவனுக்கு அந்த நோய் வந்தது என்றும், நாங்கள் அதை மறைக்கிறோம் என்றும் பேசிக்கொள்கிறார்கள்.

அவன் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னது உண்மை. இரண்டு முறை சொன்னான். பெயர் கமலம்மாள். அவள் நஜர்பாத்தில் இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறாள்.